14 ஏறும், 26 இறங்கும்

கேள்வி: சேர், ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை வீட்டில் வலரன்ட் என்ற ஒன்லைன் சுடும் கேம் விளையாடுகிறேன். இப்போது கோல்ட் ரேங்கில் நிற்கிறேன். வென்றால் 14 புள்ளி ஏறுகிறது, தோற்றால் 26 இறங்குகிறது. இத்தனைக்கும் எங்கள் ரீமில் கில் அதிகம் எடுப்பது நான்தான். கேம் ஏமாற்றுகிறதா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: ஏமாற்றவில்லை தம்பி. உம்மைப் பற்றி அது ஓர் அபிப்பிராயம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். திரையில் தெரிகிற கோல்ட் ஒன்று, உள்ளே மறைத்து வைத்திருக்கும் எம்.எம்.ஆர். என்ற திறமை மதிப்பீடு இன்னொன்று. யாரோடு யாரை மோதவிடுவது என்பதை மறைந்திருப்பதுதான் முடிவு செய்கிறது. அது உமது கோல்டுக்குக் கீழே இருக்கிறது. அதனால்தான் ஏற்றம் சிறிது, இறக்கம் பெரிது. மார்க் வேறு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி வேறு என்று ஏ.எல். எழுதிய பிள்ளைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தக் கணக்குக்கெல்லாம் மூத்தது செஸ்ஸில் இருக்கிறது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் படிப்பித்த அர்பாட் ஈலோ போட்ட கணக்கு. 1970இல் உலக செஸ் சம்மேளனமான ஃபிடே ஏற்றுக்கொண்டது. 1600 புள்ளிக்காரர் 1400 புள்ளிக்காரரோடு ஆடினால், அவர் எடுக்கவேண்டியது (வெற்றிக்கு 1, சமனுக்கு அரை, தோல்விக்கு 0 என்று வைத்தால்) சராசரியாக 0.76 என்று அது முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. ஓர் ஆட்டத்துக்குப் பெருக்கம் 20 என்று வையும். வென்றால் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக எடுத்தது 0.24; ஆக 20 × 0.24, அதாவது 4.8 தான் ஏறும். தோற்றால் 20 × 0.76, அதாவது 15.2 போய்விடும். வெல்லவேண்டியவர் வென்றதில் புதினம் ஒன்றும் இல்லையே! எதிர்பாராதது நடந்தால்தான் புள்ளி பெரிதாக ஆடும்.

ஈலோவின் கணக்கு இருவர் ஆடும் ஆட்டத்துக்கு உரியது, புது ஆட்களிடம் திணறும். மார்க் கிளிக்மன் செய்த கிளிக்கோ முறை, புள்ளியோடு சேர்த்து அந்தப் புள்ளியை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கணக்கில் எடுக்கிறது. லிசெஸ் என்ற செஸ் தளத்தில் எல்லோரும் 1500இல் தொடங்கி முதல் சில ஆட்டங்களில் தாறுமாறாக ஏறி இறங்குவது இதனால்தான். ரீம் ஆட்டங்களுக்கென மைக்ரோசொஃப்ட் செய்தது ட்ரூஸ்கில். அதில் புதியவருக்கு மதிப்பீடு 25, சந்தேகம் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆட்டக்காரரின் புள்ளியாகக் காட்டுவது, மதிப்பீட்டிலிருந்து சந்தேகத்தின் மூன்று மடங்கைக் கழித்து வருவது. ஆக, பூச்சியம்! எனக்குப் பிடித்த கணக்கு இது: தெரியாத ஆளுக்கு மரியாதை இல்லை, ஆடிக் காட்டினால் உண்டு.

கில் விசயம்: புள்ளியைப் பிரதானமாக நகர்த்துவது வெற்றி தோல்விதான். ஸ்பைக் என்ற குண்டை அப்படியே விட்டுவிட்டு கில் தேடி ஓடுகிற ஆட்கள் என் வெள்ளவத்தை வகுப்பிலேயே இருக்கிறார்கள், நீரும் அப்படியோ தெரியாது. தொடர்ந்து வென்றால் எம்.எம்.ஆர். ஏறும், 14உம் தானாகக் கூடும்.

கேள்வி: மகன் நன்றாக ஆடுவான் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். ஆனால் பாதி ஆட்டம் தோற்று எரிச்சலோடு எழும்புகிறான். ஏன்?
— பம்பலப்பிட்டி அம்மா

பதில்: ஏனென்றால் கேம் அவனைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறது, அம்மா. சமபலமான ஆட்களைத் தேடிக் கொடுப்பதுதான் அதன் வேலை. அப்படிக் கொடுத்தால் பாதிக்குப் பாதிதான் வரும். மற்றபடி, எரிச்சலுக்கு என்னிடம் சூத்திரம் இல்லை.

கேள்வி: உயர்ந்த ரேங்க் உள்ள அக்கவுண்ட் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
— வாசகர், தெமட்டகொடை

பதில்: வேண்டாம். வலரன்ட்டைச் செய்த ரயட் நிறுவனத்தின் விதிப்படி அக்கவுண்ட் விற்பதும் வாங்குவதும் கூடாது, பிடிபட்டால் பூட்டிவிடுவார்கள். பிடிபடாவிட்டாலும், உம்மைவிட நல்ல ஆட்களோடு மோதி அடுத்தடுத்துத் தோற்று, உமது பழைய ரேங்குக்கே வந்து நிற்பீர். காசு மட்டும் திரும்பி வராது.