காலை ஐந்தரை மணி வகுப்பறை

வணக்கம். ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ‘என் நாடு, என் பெருமை’ என்று கட்டுரை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். இமயமலை, தாஜ்மகால், சந்திரயான் என்று நான் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். “இதுல ஒண்ணையாவது நாம கிட்ட போய்ப் பார்த்திருக்கோமாப்பா?” என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்களைப் போன்றவர்கள் கையெட்டும் தூரத்தில், மெய்யாகவே பெருமைப்படும்படி ஏதாவது இருக்கிறதா?
க., ராசிபுரம்

அன்புள்ள க.,

உங்கள் மகள் நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். அவள் படிக்கும் பள்ளியில் தேர்தலன்று வாக்குச்சாவடி அமைப்பார்கள் என்றால், விடை அந்த வகுப்பறையிலேயே இருக்கிறது.

இந்த நாட்டைப் பற்றி எனக்குள்ள பெரிய பெருமை, இங்கே வாக்குப்பதிவு நடக்கும் முறைதான். 2024-ல் 96 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சாவடிகள். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் அந்த எண்களிலிருந்து ஒன்றும் விளங்காது. ஒரே ஒரு சாவடிக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வாக்குப்பதிவு ஏழு மணிக்கு என்றால் ஐந்தரைக்கே வேலை தொடங்கிவிடும். வாக்காளர் பொத்தானை அழுத்தும் பேலட் யூனிட்டின் ஒயரை, வாக்கைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட்டிலும், விவிபேட்டின் ஒயரை, அலுவலர் கையில் இருந்து வாக்குகளைப் பதிந்துகொள்ளும் கண்ட்ரோல் யூனிட்டிலும் செருக வேண்டும். கண்ட்ரோல் யூனிட்டின் சுவிட்ச் அதுவரை அணைந்தே இருக்க வேண்டும். விவிபேட்டின் பின்பக்கம் ஒரு குமிழ் உண்டு. அது படுக்கைவாக்கில் இருந்தால் காகிதச் சுருள் பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். வண்டியில் கொண்டுவரும்போது அப்படித்தான் இருக்கும். நிமிர்த்தாமல் சுவிட்சைப் போட்டால் பிழை காட்டும். ஜன்னலோரமாகவோ பளிச்சென்ற விளக்குக்கு நேர் கீழேயோ வைத்தாலும் உள்ளே இருக்கும் உணரி தடுமாறும். ‘எந்திரக் கோளாறு, வாக்குப்பதிவு தாமதம்’ என்று வரும் செய்திகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட சின்ன விஷயங்களும் இருக்கும்.

அடுத்தது மாதிரி வாக்குப்பதிவு. என் கணக்கில் நாள் முழுவதிலும் மிக முக்கியமான வேலை இதுதான். கட்சிகளின் சார்பில் சாவடிக்குள் உட்காரும் பூத் ஏஜெண்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போடப்படும். நோட்டா உட்பட ஒவ்வொரு வேட்பாளருக்கும் வாக்கு விழ வேண்டும். யாருக்கு எத்தனை என்று தாளில் குறித்துக்கொண்டே போவார்கள். பிறகு கண்ட்ரோல் யூனிட்டில் ‘க்ளோஸ்’, ‘ரிசல்ட்’ பொத்தான்கள். எந்திரம் சொல்லும் எண்ணிக்கை, விவிபேட் பெட்டியிலிருந்து எடுத்து எண்ணிய சீட்டுகள், தாளில் உள்ள குறிப்பு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் ‘க்ளியர்’ அழுத்தி அந்த வாக்குகளை அழித்துவிடுவார்கள். எந்திரம் பூஜ்யம் காட்டுவதையும், சீட்டு விழும் பெட்டி காலியாக இருப்பதையும் ஏஜெண்டுகள் கண்ணால் பார்க்க வேண்டும். எடுத்த சீட்டுகளின் பின்புறம் முத்திரை குத்திக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டிவிடுவார்கள். ரிசல்ட் பகுதியை மூடும் பச்சைத் தாள் சீலில் தலைமை அலுவலரோடு ஏஜெண்டுகளும் கையெழுத்துப் போடலாம்.

தவறு நடப்பதும் இங்கேதான். இரவெல்லாம் சரியாகத் தூங்காத அலுவலர், மணி ஏழாகிவிட்ட பரபரப்பில் இந்த மூன்று பொத்தான்களையும் அழுத்தாமலே விட்டுவிடுவார். அந்த 50 வாக்குகளின் மேலேயே உண்மையான வாக்குகள் விழத் தொடங்கும். மாலையில் எந்திரத்தின் மொத்தமும் வாக்காளர்கள் கையெழுத்திட்ட 17ஏ பதிவேட்டின் மொத்தமும் இடிக்கும். க்ளோஸ், ரிசல்ட், க்ளியர். இந்த மூன்றும் வரிசையாக நடந்ததா என்று கவனிக்க ஒரே ஒரு விழிப்பான ஏஜெண்ட் போதும். யாரையும் நம்பாதே, நீயே பார்த்துச் சரிபார் என்று ஓர் அரசே குடிமக்களை உட்கார வைத்துச் சொல்லும் இடம் இது. நான் பெருமைப்படுவது இதற்காகத்தான்.

வரிசையில் நிற்கும் மக்களுக்குத் தெரிந்தது மை. மைசூர் பெயிண்ட்ஸ் என்ற கர்நாடக அரசு நிறுவனம் தயாரிப்பது. அதிலுள்ள சில்வர் நைட்ரேட் தோலின் உப்போடு சேர்ந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். இடது ஆள்காட்டி விரலின் நகத்திலிருந்து முதல் கணு வரை கோடாக இழுக்க வேண்டும். தோலில் உள்ளது சில வாரங்களில் உரிந்துபோகும், நகத்தில் உள்ளது நகம் வளர்ந்தால்தான் போகும். அதனால் நகத்தைத் தொடாமல் தோலில் மட்டும் புள்ளி வைத்தால் பயனில்லை. எண்ணெய் தடவிய விரல் என்றால் முதலில் துணியால் துடைத்துவிட்டுத்தான் மை வைக்க வேண்டும். இடது ஆள்காட்டி விரல் இல்லாதவருக்கு இடது கையின் வேறு விரலில். அந்தக் கையில் விரலே இல்லையென்றால் வலது கையில். இரு கைகளிலும் விரல் இல்லையென்றால் கையின் முனையில். இதைச் சட்ட விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். விரலே இல்லாத ஒருவரும் வாக்களிக்க வருவார், அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று எழுதும்போதே நினைத்திருக்கிறார்கள். உங்கள் மகளின் கட்டுரைக்கு இந்த ஒரு விதி போதும் என்பேன்.

அருணாசலப் பிரதேசத்தின் மாலோகாமில் ஒரே ஒரு பெண் வாக்காளருக்காக ஒரு குழு மலை ஏறிப்போய்ச் சாவடி அமைத்ததும் இதே மனத்தோடுதான்.

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததாக எழுத வேண்டாம். 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரி வரை நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் மகள்’ என்று மட்டும் பதிந்தார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அந்தத் தேர்தலில் அவர்களுக்கு அது இழப்புதான். ஆனால் அடுத்த தேர்தல்களில் பெண்கள் சொந்தப் பெயரோடு பட்டியலுக்குள் வந்தார்கள்.

இன்றைக்கும் ஆகப் பலவீனமான இடம் பட்டியல்தான். வாக்குப்பதிவு அன்று போய்ப் பெயர் இல்லை என்று சண்டை போட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அடையாள அட்டை இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வாக்கு இல்லை. வரைவுப் பட்டியல் வெளியாகும்போதே பார்த்து, விடுபட்டிருந்தால் பெயர் சேர்ப்பதற்கான 6-ம் எண் படிவம் கொடுத்துவிட வேண்டும். வாக்குக்குப் பணம் கொடுக்கும் கேவலம் நம் ஊரில் நடப்பதும் உண்மை; அதை மறைத்துப் பெருமை பேச முடியாது. பணம் வாங்கியவர்கூட அட்டைத் தடுப்புக்குப் பின்னால் தனியாகத்தான் நிற்கிறார், விவிபேட் சீட்டு கண்ணாடிக்குள் தெரியும் அந்த ஏழு வினாடி அவருக்கு மட்டுமே உரியது.

மாலை ஆறு மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் தருவார்கள். கடைசி ஆளிடமிருந்து தொடங்கி முன்னோக்கி வருவார்கள், முதல் எண் கடைசி ஆளுக்கு. முன்னாலிருந்து கொடுத்துக்கொண்டே போனால் பின்னால் புதிதாக ஆள் சேர்ந்துகொண்டே இருப்பார்கள். இதை உங்கள் மகள் பள்ளி வாசலில் நின்றே பார்க்கலாம்.

முடிந்ததும் தலைமை அலுவலர் 17சி படிவத்தில் அந்தச் சாவடியில் பதிவான மொத்த வாக்குகளையும் எந்திரங்களின் எண்களையும் எழுதி, ஏஜெண்டுகளுக்குக் கையெழுத்திட்ட நகல் தருவார். வாக்கு எண்ணும் நாளில் மேசையில் வைக்கப்படும் எந்திரம் அதே எந்திரம்தானா, மொத்தம் அதுதானா என்று ஒப்பிட அந்தத் தாள்தான் ஆதாரம். நகலை வாங்காமல் ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விடும் ஏஜெண்டால் அவர் கட்சிக்கு ஒரு பயனும் இல்லை. உங்கள் தெருவில் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்த யாராவது இருப்பார்கள். கட்டுரை எழுதும் முன் மகளை அவரிடம் அழைத்துப் போங்கள். 17சி நகலைப் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.