பதில்: பக்கவாட்டில் நின்றால் ஒளித்தூண் அடித்தூணை விட்டு விலகுவது ஏன்?

ஒடிந்த பழந்தூணுக்குப் பின்னால் வலைத்துணி கட்டி, இல்லாத மேல்பாதியைப் புரொஜக்டரால் ஒளியாகக் காட்டுகிறீர்கள்; பக்கவாட்டில் நகர்ந்தால் அந்த ஒளித்தூண் கீழே நிற்கும் கல்தூணோடு பொருந்தவில்லை என்று கேட்டிருந்தீர்கள். துணி தூணை விட்டுத் தள்ளி இருப்பதுதான் காரணம். துணியைத் தூணுக்கு 20 செ.மீ. நெருக்கத்தில் கொண்டுவாருங்கள். மென்பொருளில் படத்தை எவ்வளவு வளைத்தாலும் இது தீராது. ஓர் இடத்துக்குச் சரிசெய்தால் இன்னோர் இடத்தில் இளிக்கும்.

உங்கள் அளவுகளையே வைத்துப் பார்ப்போம். துணி தூணுக்கு 2 மீட்டர் பின்னால், பார்வையாளர் தூணுக்கு 20 மீட்டர் முன்னால். அவர் 3 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் 3 × 2 ÷ 22, அதாவது மேல்பாதி 27 செ.மீ. தள்ளி நிற்கும். இடைவெளி 20 செ.மீ. என்றால் விலகல் 3 செ.மீ.தான். இருட்டில் அது கண்ணில் படாது.

உறுதிப்படுத்த, செங்குத்தான ஒற்றை வெள்ளைக்கோட்டை மட்டும் காட்டுங்கள். நடுவில் நின்று தூணின் மையத்தோடு பொருத்திவிட்டு, புரொஜக்டரைத் தொடாமல் நடந்து பாருங்கள். நீங்கள் நகரும் பக்கமே கோடும் நகர்ந்தால் காரணம் இதுதான். திரும்பி நடுவுக்கு வந்து நின்றும் விலகியிருந்தால் புரொஜக்டரின் தாங்கி அசைந்திருக்கிறது.

(இத்தாலியின் சிபோண்டோவில் எதோவார்தோ த்ரெசோல்தி என்ற கலைஞர் 2016-இல் பழைய பசிலிக்கா தேவாலயத்தின் உருவத்தைக் கம்பிவலையால் எழுப்பினார். அது முப்பரிமாண உருவம் என்பதால் இந்தத் தொல்லையே இல்லை. செலவும் உழைப்பும் வேறு கணக்கு.)

ஒன்று கவனியுங்கள்: துணியைக் கடக்கும் ஒளி பின்சுவரில் இரண்டாவது தூணாக விழும். புரொஜக்டரை உயரத்தில் வைத்துச் சரிவாக இறக்கினால் அது தரையில் போய் விழும். துணிக்கு எடைக்கல் வைத்த தனிச்சட்டம் போடுங்கள். பழங்கல்லில் துளையிடுவதோ கயிறு கட்டுவதோ கூடாது. காற்றில் துணி உப்பினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் போச்சு.