ஆகஸ்ட் 15இல் யாருக்கு லீவு?

கேள்வி: சுதந்திர தினத்தன்று எங்கள் ஊராட்சிப் பள்ளியில் நடந்த கொடியேற்றத்துக்கு ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் தவிர பத்துப் பேர்கூட வரவில்லை. மற்றவர்கள் தூங்கினார்கள், இல்லையென்றால் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இப்படிக் கழிப்பதற்கு எதற்கு விடுமுறை? தேசிய விடுமுறைகளை ஒழித்துவிட்டு, ஜப்பானியர் போல அன்றைக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைத்தால் நாடு முன்னேறாதா?
— ஒரு வாசகர், தர்மபுரி மாவட்டம்

பதில்: முதலில் ஜப்பானைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். ஜப்பானியர் விடுமுறை எடுக்காமல் கூடுதலாக உழைக்கிறார்கள் என்கிற வாட்ஸ்அப் செய்தி எனக்கும் தவறாமல் வருகிறது. அங்கே சட்டப்படி வருடத்துக்கு 16 தேசிய விடுமுறைகள். கடலுக்கு ஒரு நாள், மலைக்கு ஒரு நாள் (இது 2016இல்தான் சேர்ந்தது), முதியோருக்கு ஒரு நாள், உழைப்புக்கு நன்றி சொல்ல நவம்பர் 23. விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் அதற்கு ஈடாக அடுத்து ஒரு நாள் தருகிறார்கள். இரண்டு தேசிய விடுமுறைகளுக்கு நடுவே ஒரு வேலைநாள் மாட்டிக்கொண்டால் அதுவும் விடுமுறை! நமக்கு நாடு முழுமைக்கும் உள்ளவை ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று மூன்றே மூன்று. 2022இல் காந்தி ஜெயந்தி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. போனது போனதுதான்.

சரி, ஒழிக்கச் சொல்கிறீர்களே, யாருடைய நாளை ஒழிக்கச் சொல்கிறீர்கள்? அரசு ஊழியருக்கும் வங்கி ஊழியருக்கும் வேறு விடுப்புகள் இருக்கின்றன. ஜவுளிக்கடையில் நாள் முழுக்கப் புடவை பிரித்துக் காட்டும் பெண்ணுக்கும், ஓட்டலில் மேசை துடைக்கும் பையனுக்கும் இருப்பது 1958ஆம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று. தொழில் நிறுவனங்களின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் பற்றியது. அந்த மூன்று நாட்களோடு மே 1, பண்டிகைகளுக்கு ஐந்து நாள், ஆக மொத்தம் ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்கிறது அது. அன்றைக்கு வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு சம்பளம் பிடிக்காத மாற்று விடுமுறை ஒன்று.

நடப்பது என்ன? ஒவ்வொரு தேசிய விடுமுறைக்குப் பிறகும் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வரும். தொழிலாளர் துறை ஆய்வு, இத்தனை கடைகள், இத்தனை ஓட்டல்கள், விடுமுறையும் தராமல் மாற்று ஏற்பாடும் செய்யாதவர்கள் மீது நடவடிக்கை என்று. ஊர் மட்டும் மாறும். அதே பக்கத்தில் பாதியை 'சுதந்திர தின அதிரடித் தள்ளுபடி' விளம்பரம் அடைத்திருக்கும். அந்தத் தள்ளுபடியை எடுத்துக் கொடுக்க அன்று கடையில் யார் நிற்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. சாப்பாட்டுப் பையோடு பைக்கில் பறக்கும் இளைஞர்கள் நிலைமை இன்னும் மோசம். நிறுவனத்தின் கணக்கில் அவர்கள் ஊழியர்களே இல்லை. அப்புறம் எங்கிருந்து விடுமுறைச் சம்பளம்? (டாஸ்மாக் கடைக்கு மட்டும் இந்த நாட்களில் கண்டிப்பாக லீவு. அதற்கு முந்தின நாள் சாயங்கால வரிசையைப் பார்த்தால் அந்தக் கண்டிப்பின் பலன் தெரியும்.)

ஆறு நாள் உழைத்தவர் ஒரு நாள் எட்டு மணி வரை தூங்கினால் குடியரசு கவிழ்ந்துவிடாது. தூங்கட்டும்.

கொடியேற்றத்துக்குக் கூட்டம் வராதது உங்கள் வருத்தம். வந்து நின்றும் கொடியேற்ற முடியாமல் போனவர்களை நினைக்கிறேன். 2020 ஆகஸ்ட் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில், தேர்தலில் வென்று ஊராட்சித் தலைவரான பட்டியலினப் பெண்ணைப் பள்ளியில் கொடியேற்ற விடவில்லை. செய்தி பெரிதாகி, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து நிற்க, ஐந்து நாள் கழித்து அவர் ஏற்றினார். இரண்டு வருடம் கழித்தும், 2022 சுதந்திர தினத்துக்கு முன்னால், இப்படி எங்கும் நடக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. உங்கள் ஊரில் கயிறு யார் கையில் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் பத்துப் பேர் கணக்கைவிட அது எனக்குப் பயன்பட்டிருக்கும்.

இன்னொன்றையும் நீங்கள் எழுதவில்லை. கொடியேற்றி மிட்டாய் வாங்கிய பிறகு எங்கே போனீர்கள்? அன்று உங்கள் ஊராட்சியில் கிராம சபைக் கூட்டம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று இந்த நான்கு நாட்களிலும்தான் அது நடக்கிறது. மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் பிற்பாடு சேர்ந்தவை. கூலி வேலைக்குப் போகிறவரும் வந்து உட்கார முடியும் என்பதால் விடுமுறை நாள் அதற்கு வசதி. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும், பயனாளிகள் பட்டியல் அங்கே வாசிக்கப்பட வேண்டும். பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள ஊராட்சி என்றால் 300 பேர் வந்தால்தான் கூட்டமே செல்லும். ஐந்நூறு பேருக்குள் என்றால் 50 பேர் போதும். பல ஊர்களில் இந்தக் கணக்கு நாற்காலியில் நிறைவதில்லை, பதிவேட்டில் நிறைந்துவிடுகிறது.

கூடுதலாக இரண்டு மணி நேரம் உழைக்க நீங்கள் தயார் என்றால் அதை இங்கே செலவழிக்கலாம். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். தெருவிளக்குக்கு எவ்வளவு, குடிநீர்க் குழாய்க்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடிக்கும் முன்பே யாராவது பதிவேட்டை நீட்டி, 'ஒரு கையெழுத்து போட்டுட்டுக் கிளம்புங்க அண்ணே' என்றால் போடாதீர்கள்.