இருபது வேலை எழுதி நாலுதான் முடியுதுன்னா, முதல்ல அதை இடம் வாரியா பிரிங்க

உங்க கேள்வி இதுதான்: தினமும் காலையில போன்ல இருபது வேலை எழுதுறேன், ராத்திரி பாத்தா நாலுதான் டிக் ஆகியிருக்கு, மீதி அடுத்த நாளைக்குத் தள்ளிக்கிட்டே போகுது, எந்த ஆப் நல்லது, நீங்க எப்படிப் பண்றீங்க.

ஆப்பைப் பத்தி கடைசியில சொல்றேன், ஏன்னா எனக்குத் தெரிஞ்சு பிரச்சனை ஆப்ல இல்லைங்க, அந்த இருபதும் ஒரே வரிசையில நிக்கிறதுலதான் இருக்கு. எல்லாரும் எது முக்கியம், எது அவசரம்னு பிரிக்கச் சொல்வாங்க, நாலு கட்டம் போட்டு அதுல அடைக்கச் சொல்வாங்க, ஆபீஸ்ல பெரிய பதவியில இருக்கிறவங்களுக்கு அது சரியா வரலாம். வீடும் தொழிலும் ஒண்ணா ஓடுற இடத்துல அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு கேக்கணும்: இந்த வேலை எங்க நடக்கும், எது இருந்தா நடக்கும்? பேங்க்ல போய் செய்ய வேண்டிய வேலை எவ்வளவு முக்கியமா இருந்தாலும் அடுப்படியில நின்னு அதைப் பத்து தடவை படிச்சா சலிப்புதான் வரும், வேலை ஒரு இம்மி நகராது.

நான் நீலகிரி மலையில கோத்தகிரி பக்கம். வீட்டுல இருந்தே சின்னச் சின்னக் கடைகளுக்கு கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன், கூடவே கொஞ்சம் தேயிலை இருக்கு, வீட்டுக்காரர் பிக்கப் ஓட்டுறார், அத்தையும் பசங்களும் இருக்காங்க. மலையில இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது சட்டுனு புரியும், இங்க நாம நினைச்ச நேரத்துக்கு நினைச்ச வேலை ஓடாது. மழை பிடிச்சா கரண்ட் போகும், கரண்ட் போய் கொஞ்ச நேரத்துல டவரும் போகும், மலைக்குக் கீழ இருக்கிற மேட்டுப்பாளையம் போகணும்னா முப்பது கிலோமீட்டருக்கு மேல வளைஞ்சு வளைஞ்சு இறங்கி திரும்ப ஏறணும், அதுலயே அரை நாள் போயிடும், ஒரே ஒரு சாமானுக்காக யாரும் கீழ போறதில்ல.

அதனால என் நோட்டுல தேதி வாரியா பக்கம் கிடையாது, தலைப்பு வாரியாதான். கரண்ட் இருந்தா, கரண்ட் இல்லாட்டி, கோத்தகிரி டவுன், கீழ போனா, வெயில் அடிச்சா, தோட்டம், போன் பேசணும், அவங்ககிட்ட இருக்கு. ஒரு வேலை மனசுல வந்த உடனே அதோட பக்கத்துல போய் உக்காந்துக்கும், அந்த இடத்துக்குப் போற வரைக்கும் நான் அந்தப் பக்கத்தைத் திறக்கவே வேண்டியதில்ல, இதுதான் பெரிய நிம்மதி.

'கீழ போனா' பக்கத்துல இப்ப இருக்கிறதை அப்படியே சொல்றேன். பிரிண்டர் டிரம் மாத்தணும், பழைய டிரம்மைக் கையில எடுத்துட்டுப் போகணும். அத்தை கண்ணாடிக்கு பவர் செக் பண்ணி லென்ஸ் மாத்தணும், கண்ணாடியும் பழைய சீட்டும் டிராயர்ல இருக்கு. குக்கர் கேஸ்கட் 5 லிட்டர். பெரியவனுக்கு ஸ்கூல் ஷூ 7 நம்பர். ஒரு கடைக்காரர் கிட்ட கையெழுத்து வாங்க வேண்டிய பேப்பர், பச்சை ஃபைல். ஒவ்வொரு வரியிலயும் என்ன எடுத்துட்டுப் போகணும், என்ன அளவுன்னு கூடவே எழுதிடுவேன், அதை எழுதாத லிஸ்ட்டை நம்பி கீழ போனா கடை வாசல்ல நின்னு வீட்டுக்கு போன் போட வேண்டியிருக்கும். ஏப்ரல் மே சீசன்ல ஊட்டிக்கு ஏறுற வண்டியை குன்னூர் வழியாவும் இறங்குற வண்டியை கோத்தகிரி வழியாவும் விடுவாங்க, அப்ப எங்க ரோடு முழுக்க வண்டிதான், அதனால அந்தப் பக்கத்தை ஏப்ரலுக்கு முன்னாடியே ஒரு தடவை துடைச்சு எடுத்துடுவோம், மிச்சம் இருந்தா ஜூன்லதான். அதே மாதிரி ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை. 2009 நவம்பர் மழையில நீலகிரியில பல இடத்துல மண்சரிவாகி ரோடு அடைச்சதைப் பாத்தவங்க யாரும் அத்தையோட பிரஷர் மாத்திரையை 'நாளைக்கு வாங்கிக்கலாம்'னு விட மாட்டாங்க.

'வெயில் அடிச்சா' பக்கம் சமவெளியில இருக்கிறவங்களுக்கு விசித்திரமா இருக்கும். இங்க ஜூன் ஜூலைல நாள் கணக்கா மிஸ்ட்டு மூடிக் கிடக்கும், திடீர்னு ஒரு நாள் காலையில ரெண்டு மணி நேரம் வெயில் அடிக்கும். அந்த ரெண்டு மணி நேரத்துல கம்பளி காயப்போடணுமா, டேங்க் கழுவணுமா, ஓடு ஒழுகுற இடத்துல சிமெண்ட் பூசணுமா, தேயிலையில கொப்புள நோய்க்கு காப்பர் மருந்து அடிக்க ஆள் கூப்பிடணுமான்னு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள திரும்பவும் மூடிடும். பக்கத்தைத் திறந்தா மேல இருந்து செய்ய ஆரம்பிச்சிடலாம், யோசனை எல்லாம் மழை நாள்லயே முடிஞ்சிருக்கும்.

'கரண்ட் இல்லாட்டி' பக்கமும் அப்படித்தான், கடைக்காரங்க பையில போட்டுக் கொடுக்கிற பில்லை எல்லாம் தேதி வாரியா அடுக்கிறது, ஓட்டை போட்டு ஃபைல்ல கோக்கிறது, கவாத்துக் கத்தி சாணை பிடிக்கிறது, பூண்டு உரிக்கிறது. கரண்ட் போச்சேன்னு புலம்பிக்கிட்டு போனை நோண்டுற நேரம் மிச்சம்.

தேதி உள்ள வேலையை மட்டும் இந்த லிஸ்ட்ல கலக்காதீங்க, அதுக்கு காலண்டர்தான் இடம். என் தொழிலே தேதிதான். மாசாமாசம் போடுறவங்களுக்கு வித்த கணக்கைக் காட்டுற ஜிஎஸ்டிஆர்-1 பதினொண்ணாம் தேதி, வரி கட்டுற ஜிஎஸ்டிஆர்-3பி இருபதாம் தேதி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுறவங்களுக்கு தமிழ்நாட்டுல 13, 22. ஒரு நாள் தாண்டினாலும் லேட் ஃபீஸ் நாளுக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத நில் ரிட்டர்னா இருந்தாலும் 20 ரூபாய், வரி பாக்கி இருந்தா அதுக்கு மேல 18 சதவீத வட்டி வேற. இதை நான் காலண்டர்ல 11, 20னு எழுதுறதே இல்ல, 8, 17னு எழுதுவேன், கடைசி நாள் ஊரே போர்ட்டல்ல ஏறும், அன்னிக்குப் பாத்து இங்க மரம் விழுந்து லைன் போகும். அதுக்கு முன்னாடி 3ஆம் தேதி கடைக்காரங்களுக்கு பில் கேட்டு மெசேஜ். ஒரு வேலைக்கு ஒரு தேதி போதாது, ஆரம்பிக்கிற தேதி, முடிக்கிற தேதின்னு ரெண்டு வேணும், ஆரம்பிக்கிற தேதியைத்தான் நிறைய பேர் எழுதுறதில்ல.

தேயிலை வேற மாதிரி. அதுக்கு தேதி கிடையாது, ரவுண்டுதான். சீசன்ல பத்து பன்னெண்டு நாளைக்கு ஒரு தடவை இலை எடுக்கணும், பனிக்காலத்துல இடைவெளி நீளும், தள்ளிப் போட்டா ரெண்டு இலை ஒரு கொழுந்து முத்திப் போய் ஃபேக்டரியில விலை குறைப்பான். அதனால போன தடவை எந்த மூலையில எடுத்து முடிச்சோமோ அந்தத் தேதியை மட்டும் சுவர் காலண்டர்ல எழுதுவோம், அடுத்தது அதுல இருந்து எண்ணிக்கிறதுதான். படுக்கைத் துணி மாத்துறது, கேஸ் புக் பண்றது, தண்ணி ஃபில்டர் கழுவுறது எல்லாத்துக்கும் இதே முறை சரியா வரும், கடைசியா எப்ப செஞ்சோம்னு எழுதினா போதும்.

அடுத்தது எழுதுற விதம், இதுல கொஞ்சம் கவனம் வைங்க. உங்க இருபதுல பாதி 'இன்சூரன்ஸ்', 'பைக்', 'வீட்டு வரி'ன்னு ஒத்தை வார்த்தையா இருக்கும்னு நினைக்கிறேன். அது வேலை இல்லைங்க, தலைவலியோட பேரு. 'பேக்கரி ஜிஎஸ்டி'ன்னு எழுதினா எனக்கும் கை ஓடாது, 'பேக்கரி அண்ணனுக்கு போன் பண்ணி போன மாச மைதா, டால்டா பில்லை வாட்ஸ்ஆப்ல அனுப்பச் சொல்லணும்'னு எழுதினா அடுத்த நிமிஷம் போனை எடுத்துடுவேன். இதுக்கு ஆராய்ச்சியும் இருக்கு. முடிக்காத வேலை முடிச்ச வேலையை விட அதிகமா ஞாபகத்துல நிக்குதுன்னு ப்ளூமா ஜைகார்னிக்ங்கிற உளவியல் அம்மா 1927லயே எழுதினாங்க. 2011ல மாசிகாம்போ, பாமைஸ்டர்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் சோதனை பண்ணிப் பாத்தாங்க, பாதியில நிக்கிற வேலை மனசுல குறுக்க வந்து வேற வேலையில கவனத்தைக் கெடுக்குது, ஆனா அதை எப்ப எப்படிச் செய்யப் போறோம்னு தெளிவா ஒரு திட்டம் எழுதிட்டாலே, வேலையை இன்னும் செய்யாட்டிக்கூட, அந்தத் தொந்தரவு அடங்கிடுது. ராத்திரி படுத்தா வேலை எல்லாம் மண்டைக்குள்ள வந்து நிக்குதுங்கிறவங்க இதை ஒரு தடவை செஞ்சு பாக்கணும். ஒத்தை வார்த்தையா எழுதினா அடங்காது, எங்க, எப்ப, முதல்ல என்னன்னு எழுதணும்.

தினசரி லிஸ்ட் என்பது இந்தப் பக்கங்கள்ல இருந்து எடுக்கிற ஒரு சின்னச் சீட்டுதான். ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சிட்டு நாளைக்கு நான் எங்க இருப்பேன்னு பாத்து மூணு வேலை எடுத்து எழுதுவேன், சமையல், பசங்களை அனுப்புறது எல்லாம் அதுல வராது, அது எப்படியும் நடக்கும். மூணு கம்மின்னு தோணும். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு கணிக்கிறதுல மனுஷங்க எல்லாருமே குறைச்சுத்தான் போடுவாங்கன்னு கானமன், ட்வெர்ஸ்கிங்கிற ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1979லயே சொல்லி அதுக்கு 'பிளானிங் ஃபாலசி'ன்னு ஒரு பேரே வெச்சிருக்காங்க, முன்னாடி இதே வேலைக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அனுபவம் இருந்தும் அடுத்த தடவை குறைச்சுத்தான் நினைப்போம். மூணு முடிஞ்சு நேரம் இருந்தா அன்னிக்கு எந்த இடத்துல இருக்கீங்களோ அந்தப் பக்கத்தைத் திறந்து அடுத்ததை எடுங்க. இருபது எழுதி நாலு முடிச்சா தோத்த மாதிரி இருக்கும், மூணு எழுதி நாலு முடிச்சா அடுத்த நாளும் செய்யத் தோணும், வேலை என்னவோ ரெண்டுலயும் நாலுதான்.

இருபத்தஞ்சு நிமிஷம் டைமர் வெச்சு அஞ்சு நிமிஷம் ஓய்வு எடுக்கிற பொமோடோரோ முறையையும் சிலர் சொல்வாங்க. பில் என்ட்ரி போடும்போது எனக்கு நல்லாவே உதவுது. சமையலுக்கும் தோட்டத்துக்கும் அது ஆகாது.

'அவங்ககிட்ட இருக்கு' பக்கத்தை விட்டுடாதீங்க. நம்ம லிஸ்ட்ல நகராம கிடக்கிறதுல பாதி நம்ம வேலையே இல்ல, வேற யாரோ செய்ய வேண்டியது. பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்திருந்தா மனு நம்பர், கொடுத்த தேதி, அடுத்து எப்ப போய் கேக்கணும், இந்த மூணும் ஒரே வரியில. கேக்க வேண்டிய தேதி வர்ற வரைக்கும் அதை நினைச்சுக் கவலைப்பட வேண்டியதில்ல, வந்தா தயங்காம போய் கேட்டுடணும்.

ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு எல்லாப் பக்கத்தையும் ஒரு புரட்டு. மாசக் கணக்கா ஒரே வரி அப்படியே கிடந்தா அதை இன்னும் சின்னதா உடைச்சு எழுதுவேன், இல்ல வேற யார்கிட்டயாவது கொடுத்துடுவேன், ரெண்டும் முடியலைன்னா கோடு போட்டு அடிச்சிடுவேன். தையல் கத்துக்கணும்னு ரொம்ப நாளா இருந்ததை அடிச்சப்ப அத்தைதான் 'ஏன் கண்ணு அடிச்சே, கடைசிப் பக்கத்துல எழுதி வை, சின்னவன் ஸ்கூல் போகட்டும்'னாங்க. அதுல இருந்து கடைசிப் பக்கம் அந்த மாதிரி ஆசைகளுக்கு.

இப்ப ஆப் விஷயம். தேதி உள்ளதுக்கு போன் காலண்டர், அதுல மணி அடிக்கும், டவர் இல்லாட்டியும் அடிக்கும். மத்ததுக்கு நோட்டு, அடுப்படி வாசல்ல ஆணியில கயிறு கட்டித் தொங்குது, பேனாவும் அதே கயிறுல. என் போன்ல லிஸ்ட் இருந்தா அது என் லிஸ்ட், என் வேலை, வீட்டுல எல்லாரும் வந்து என்கிட்ட கேப்பாங்க. நோட்டு தொங்குறதால அத்தை கண்ணாடி விஷயத்தை அத்தையே எழுதினாங்க, ஷூ சைஸை பெரியவன் எழுதினான், வீட்டுக்காரர் லோடு ஏத்திக்கிட்டு கீழ போறப்ப அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்துட்டுப் போயிடுவார், நான் கூடப் போக வேண்டியதில்ல. நீங்க தனியா ரூம்ல இருக்கிறவர்னா போன்லயே நோட்ஸ் ஆப்ல இடத்துக்கு ஒரு நோட்னு வெச்சுக்கோங்க, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம், 'ஆபீஸ் லேப்டாப்', 'பஸ்ல போறப்ப', 'ஊருக்குப் போனா'ன்னு மூணு நாலு நோட் போதும். உங்க இருபதை இன்னிக்கு ராத்திரி அதுல பிரிச்சுப் போடுங்க, ஊருக்குப் போனாத்தான் நடக்கும்ங்கிறது மட்டுமே அஞ்சாறு தேறும், தினமும் காலையில அதைப் பாக்கிற வேலை நாளையில இருந்து இல்ல.

மலையில இருக்கிறவங்க யாராச்சும் இதைப் படிச்சு நோட்டு போடுறதா இருந்தா ஜெல் பேனா வேண்டாம், மழைக்காலத்துல பேப்பர் ஈரம் இழுத்து மை பரவிடுது, சாதா பால்பாயின்ட் போதும், அட்டை மட்டும் கெட்டியாப் பாத்து வாங்குங்க.