முதுகு சாரும் ஒரு விருதும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில், சுயநிதிப் பிரிவில், தாவரவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சேர்ந்து நான்கு ஆண்டு ஆகிறது. பணியில் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்களில் ஒருவருக்கு, சிறந்த கற்பித்தலுக்கும் மாணவர் வழிகாட்டலுக்கும் இந்த ஆண்டு முதல் விருது தரப்போகிறார்கள். துறைத்தலைவர் என்னை விண்ணப்பிக்கச் சொல்கிறார். எட்டுப் பக்கப் படிவம். நம் பெருமையை நாமே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஜியோடேக் போட்டோ, அதாவது எடுத்த இடம் பதிவான படம், இணைக்க வேண்டும்.

ஆசிரியர் ஒருவர் விருது கேட்டு விண்ணப்பிக்கலாமா? கூச்சமாக இருக்கிறது. கலாமுக்குப் பாடம் சொன்னவர்கள் விருதை நினைத்தா சொன்னார்கள்? உடன் வேலை செய்கிறவர்களுக்குள் பொறாமை வராதா? மாணவர்கள் கூகுள் ஃபார்மில் போடும் மதிப்பெண்ணும் கணக்கில் வருமாம், அதை நம்பலாமா? வழிகாட்டல் என்ற இடத்தில் எழுத, என் பொறுப்பில் விட்ட மாணவர்களுக்கான வார்டு நோட்டில் போட்ட கையெழுத்தைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை. எங்கள் பிள்ளைகளுக்கும் அக்கறை குறைவு. ஏப்ரல் வந்தால் பாதி வகுப்பு காணாமல் போய்விடும்.

விருது விழாவுக்கு நீங்கள் வர முடியுமா என்று கல்லூரி முதல்வர் கேட்கச் சொன்னார். என் பெயரை வெளியிட வேண்டாம்.

ர.

---

அன்புள்ள ர.,

விண்ணப்பியுங்கள். வேலைக்கு விண்ணப்பம் போட்டுத்தானே உள்ளே வந்தீர்கள், அப்போது இல்லாத கூச்சம் இப்போது எதற்கு? பொறாமை வரும், வரட்டும். விருதே இல்லாத ஸ்டாஃப் ரூமிலும் அதற்குப் பஞ்சமில்லை. கூகுள் ஃபார்ம் பற்றி எனக்குப் பெரிய கருத்து கிடையாது. இன்டர்னல் மார்க்கைக் கையில் வைத்திருப்பவருக்கு மாணவன் என்ன மார்க் போடுவான் என்பது உங்களுக்கே தெரியும்.

கலாமைக் கொஞ்சம் விட்டுவிடலாம். நம் பக்கத்தில் ஆசிரியர் என்று பேச்செடுத்தாலே ராமேஸ்வரத்தில்தான் போய் நிற்கிறோம். சிவசுப்பிரமணிய ஐயரையும் ஐயாத்துரை சாலமனையும் நமக்குத் தெரிவது, அவர்களுடைய மாணவர் ஜனாதிபதி ஆகி, அவர்களை மறக்காமல் ஊரெல்லாம் சொன்னதால். பரமக்குடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவனைக் கரைசேர்த்த வாத்தியாரின் பெயர் யாருக்குத் தெரியும்? மாணவன் பெரிய ஆள் ஆகும்வரை காத்திருப்பதுதான் முறை என்றால், பாதிப் பேர் அதற்குள் செத்துப்போவார்கள்.

அதனால் இளம் வயதிலேயே ஒரு விருது என்பது எனக்குப் பிடித்த யோசனை. நல்லாசிரியருக்கான தேசிய விருது 1958-இல் தொடங்கியது, பள்ளி ஆசிரியர்களுக்கு. உயர்கல்வி ஆசிரியர்கள் அதற்குள் வந்தது 2023-இல். அந்த முதல் முறை 13 பேர். கல்லூரியில் பாடம் சொல்வதும் பாராட்டத்தக்க வேலைதான் என்று அரசுக்குத் தோன்ற அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. கல்லூரிகளுக்கான தேசியத் தரவரிசையில் 'கற்பித்தல்' என்றே ஒரு தலைப்பு இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் முக்கியமாக எண்ணுவது மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் விகிதம், எத்தனை பேர் முனைவர், எவ்வளவு செலவு என்பதைத்தான். பாடம் நன்றாக நடந்ததா என்று கேட்க அங்கே ஒரு கட்டமும் இல்லை.

சரி, இப்போது நான் சண்டை போட வேண்டிய இடம். "அக்கறை குறைவு" என்று எழுதிவிட்டீர்களே, அந்தப் பிள்ளைகள் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று எப்போதாவது பார்த்தீர்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 61 நாள் படகு கரையில் கிடக்கும். குடும்பத்துக்கு அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். செமஸ்டர் தேர்வும் அதையொட்டித்தான் வருகிறது, பீஸ் பாக்கி கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை என்ற அறிவிப்பும் அப்போதுதான் ஒட்டப்படுகிறது. பையன் காணாமல் போகவில்லை அம்மா. பாக்கியைக் கட்ட ஏதாவது கூலி வேலைக்குப் போயிருக்கிறான், அல்லது கட்ட முடியாததால் உங்கள் முகத்தில் முழிக்க வெட்கப்படுகிறான். அப்பா இலங்கைச் சிறையில் இருக்கும் பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருக்கலாம். அவர்களுக்கும் 75 சதவீத வருகைதான், குறைந்தால் அதை மன்னிக்கக் கட்டும் காண்டனேஷன் கட்டணம்தான். நீங்கள் தாவரவியல். சர்காசம் என்ற கடற்பாசியின் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லியிருப்பீர்கள். பாம்பன் பக்கத்துப் பெண் பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், அவளுடைய அம்மா அதையே கடலில் முங்கி எடுத்து மூட்டை கட்டி விற்கிறவராக இருக்கக்கூடும். கேட்டீர்களா?

கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. ஒரு உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் என்பது யூஜிசி விதி. சுயநிதிப் பிரிவில் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கல்லூரிக்குத் தரச் சான்று தரும் நாக் குழுவுக்கான கோப்பு, அட்மிஷன் சமயத்தில் ஊர் ஊராகப் பிள்ளை பிடிக்கும் வேலை, இவ்வளவுக்கும் பிறகு யாரிடம் உட்கார்ந்து பேசுவது? உங்கள் களைப்பு கடிதம் முழுக்கத் தெரிகிறது. ஆனாலும் அந்த ஒரு வரியை எழுதியிருக்கக் கூடாது.

எங்கள் கல்லூரியில் ஒருவர் இருந்தார். இயற்பியல். அவருக்கு அதுதான் முதல் வேலை. எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருந்திருப்பார். வகுப்பு எடுப்பதில் படு மோசம். கரும்பலகையோடு பேசிக்கொண்டே மணியடிக்கும்வரை ஓட்டிவிடுவார். நாங்கள் வைத்த பெயர் முதுகு சார். எந்தக் குழு அவர் வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தாலும் விருது பக்கத்தில்கூட அவரை விட்டிருக்காது.

அவரிடம் ஒரு நீள நோட்டு உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஊர், அப்பா என்ன தொழில், நாட்டுப்படகா விசைப்படகா, சொந்தமா கூலியா, வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார், எந்த பஸ்ஸில் வருகிறான், அது எத்தனை மணிக்கு வந்து சேரும். தேவிபட்டினம் தாண்டி வடக்கே இருந்த எங்களுக்கெல்லாம் காலை பஸ் ராமநாதபுரம் வரும்போது முதல் பீரியட் பாதி முடிந்திருக்கும். முதல் பீரியடில் டெஸ்ட் வைத்தால் நாங்கள் ஃபெயில். அத்தனை ஆண்டுகளாக எங்களைச் சோம்பேறிகள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். இவர் நோட்டைப் பார்த்தார், டெஸ்டை மூன்றாம் பீரியடுக்கு மாற்றினார். நாங்கள் பாஸானோம். அறிவுரை ஒரு வார்த்தை கிடையாது.

இரண்டாம் ஆண்டில் நான் படிப்பை விட்டுவிட்டு தோஹா போவதாக இருந்தேன். மாமா விசா அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். கையில் நிறைய அரியர். மற்றவர்கள் இரண்டு வகை. படிப்பின் பெருமையைப் பேசினார்கள், அல்லது போய்ப் பிழைத்துக்கொள் என்றார்கள். முதுகு சார் கேட்டது: பாஸ்போர்ட் வந்துவிட்டதா, மாமா என்ன வேலையில் இருக்கிறார், விசா எந்த மாதம் என்று சொன்னார்? எழுதிக்கொண்டார். டிகிரி இல்லாமல் போனால் என்ன வேலை, டிகிரியோடு போனால் என்ன வேலை என்று அங்கேயிருந்து திரும்பிவந்த ஒருவரிடம் விசாரித்துவந்து சொன்னார். "எப்படியும் விசா வர நாளாகும். அதுவரை சும்மா இருக்கிற நேரத்துக்கு இந்த மூணு பேப்பரை எழுது. வந்தா போயிடு" என்றார். போகாதே என்று சொல்லவே இல்லை. அதனால்தான் எழுதினேன். மாமா விசா அனுப்பவே இல்லை என்பது தனிக் கதை.

இந்த வேலையை எந்தப் படிவத்தில் எழுதுவீர்கள்? வராந்தாவில் நின்று பேசியதற்கு ஜியோடேக் போட்டோ எடுக்க முடியுமா? அமெரிக்காவில் மாணவன் தன் பாடங்களைத் தானே தேர்ந்தெடுப்பதால், வழிகாட்டுவது அங்கே தனி வேலையாகவே வளர்ந்துவிட்டது. 1979-இலேயே அதற்கென்று சங்கம் வைத்து, அதில் சிறந்தவர்களுக்கு விருதும் கொடுத்துவருகிறார்கள். நம் மாணவன் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பதில்லை. டைம் டேபிள் ஒட்டியிருக்கும், வந்து உட்கார வேண்டியதுதான். அவனுக்கு வழிகாட்டல் என்பது வேறு. மாணவிகளுக்கு அரசு தரும் புதுமைப்பெண் திட்டப் பணம் ஏன் வரவில்லை, ஆதாரோடு வங்கிக் கணக்கு சேர்ந்திருக்கிறதா, அரியரை எந்த வரிசையில் எழுதுவது, எந்த முதுகலை நுழைவுத்தேர்வுக்குக் கடைசித் தேதி எப்போது, வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் யார் போய்ப் பேசுவது. எல்லாம் சில்லறைக் காரியங்கள். ஒன்று தவறினாலும் பெண் பிள்ளை வீட்டோடு நின்றுவிடுகிறாள்.

இதைச் செய்வது பெரும்பாலும் புதிதாக வந்தவர்கள்தான். மூத்தவர்களுக்கு எது தன் வேலை இல்லை என்பது நன்றாகத் தெரிந்திருக்கும். முதுகு சார் தற்காலிகப் பணியில் இருந்தார். ஒரு மே மாதம் அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஜூனில் புதியவர் வந்தார், கரும்பலகையைப் பார்க்காமல் அருமையாகப் பாடம் நடத்தினார், முதல் பீரியடில் டெஸ்ட் வைத்தார்.

எனவே உங்கள் முதல்வரிடம் சொல்லுங்கள். சால்வையும் கேடயமும் வேண்டாம். விருது பெறுகிறவரின் வேலை அடுத்த ஜூனிலும் இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும். அவருக்கு வாரத்தில் நான்கு மணி நேரம் வகுப்பைக் குறைத்து, அந்த நேரம் வழிகாட்டலுக்கென்று டைம் டேபிளிலேயே போடட்டும். கௌரவ விரிவுரையாளர்களும் விண்ணப்பிக்கலாம் என்று படிவத்தில் சேர்க்கட்டும். யூஜிசி அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று 2019-இலேயே சொல்லிவிட்டது. நம் பக்கத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், மே மாதம் அதுவும் கிடையாது.

இந்த மூன்றில் ஒன்றுக்காவது அவர் சரி என்றால் விழாவுக்கு வருகிறேன். காலை பத்து மணிக்கு முன்னால் வைக்காதீர்கள், பஸ் வராது.