நகையை அடகு வைத்து முன்மாதிரி கேட்ரிட்ஜ் வாங்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் நெல் சாகுபடி செய்கிறேன். சிறு வயதிலிருந்தே வீடியோ கேம் என்றால் உயிர். வெளிநாட்டு ஏலத் தளம் ஒன்றில் ‘ஸ்டார் பாக்ஸ் 2’ விளையாட்டின் 1995ஆம் ஆண்டு முன்மாதிரி கேட்ரிட்ஜ் (வெளியீட்டுக்கு முன் சோதனைக்காகச் செய்த, கேம் சாதனத்தில் செருகும் பெட்டி) விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை நம் பணத்தில் 1,80,000 ரூபாய். மேலே கையால் எழுதிய ஸ்டிக்கர் இருக்கிறது. நின்டெண்டோ நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவரிடம் வாங்கியதாக விற்பவர் சொல்கிறார். சம்பா நெல் விற்ற பணம் 1,10,000 ரூபாய் கையில் இருக்கிறது. மீதிக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாம் என்று நினைக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் 90,000 ரூபாய் நிலுவை. இந்த கேட்ரிட்ஜ் அசல்தானா, முதலீடாக வாங்கலாமா?

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும். பொருளைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். உங்கள் மனம் அதில்தான் இருக்கிறது.

ஸ்டார் பாக்ஸ் 2, நின்டெண்டோவின் சூப்பர் நின்டெண்டோ என்ற கேம் சாதனத்துக்காக உருவாகி, வேலை முடிந்தும் வெளியிடப்படாமல் நிறுத்தப்பட்ட விளையாட்டு. ஆனால் அதன் முன்மாதிரிப் பதிவுகள் பல ஆண்டுகளுக்கு முன்பே இணையத்தில் கசிந்துவிட்டன. 2017இல் நின்டெண்டோ நிறுவனமே தன் சிறிய வடிவச் சூப்பர் நின்டெண்டோ சாதனத்தில் அதைச் சேர்த்து வெளியிட்டது. சிப்பில் பதியும் கருவி வைத்திருக்கும் எவரும் இன்று அதை ஒரு கேட்ரிட்ஜில் ஏற்றிவிடலாம். அப்படி ஏற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, விற்பவர் டிவியில் விளையாட்டை ஓட்டிக் காட்டினால் அது எதற்கும் சான்று ஆகாது.

கையால் எழுதிய ஸ்டிக்கரையும் மறந்துவிடுங்கள். பேனாவும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும், அதை யாரும் செய்யலாம். நேற்று வார்த்த சிலைக்குப் பச்சைக் களிம்பு ஏற்றிச் சோழர் காலத்துச் சிலை என்று விற்கப் பார்ப்பவர்களைப் பற்றிச் சுவாமிமலைப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேல்தோலை வைத்து விலை பேசக் கூடாது.

பார்க்க வேண்டியது உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு. கடைக்கு வந்த கேட்ரிட்ஜ்களில் விளையாட்டைத் தொழிற்சாலையிலேயே நிரந்தரமாகப் பதித்த சிப் இருக்கும். முன்மாதிரிகளில் பெரும்பாலும் ஈப்ராம் என்ற சிப் இருக்கும். அதன் நடுவில் சிறிய கண்ணாடிச் சாளரம் உண்டு. அதன் வழியே புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியலாம். வெளிச்சம் படாமலிருக்கச் சாளரத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்.

சிப்பின் மேல் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 9718 என்று இருந்தால் 1997ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். 1995ஆம் ஆண்டு முன்மாதிரிக்குள் 1997இல் செய்த சிப் இருக்க வழியில்லை. அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். ஆனால் 9440 என்று இருப்பதாலேயே அது அசல் ஆகிவிடாது. பழைய ஈப்ராம் சிப்புகள் இன்றும் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் நேற்று இரவுகூடப் பதிந்திருக்கலாம். தேதி எண்ணை வைத்துப் போலியைத் தள்ளலாமே தவிர, அசல் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இந்த விளையாட்டு ஓடுவதற்கு சூப்பர் எஃப்எக்ஸ் என்ற கூடுதல் சிப்பும் வேண்டும். போலி செய்பவர்கள் அதே சிப் உள்ள வேறொரு அசல் கேட்ரிட்ஜைப் பலி கொடுத்து அதன் போர்டை எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் போர்டில் நின்டெண்டோவின் பெயர் அச்சாகியிருந்தாலும் மயங்க வேண்டாம். சிப்பின் கால்களைச் சுற்றிப் பளபளக்கும் புதிய சாலிடரும், துடைக்காமல் விட்ட பிசுக்கும் சந்தேகத்துக்கு இடம் தரும். போர்டில் பிறகு சேர்த்த ஒட்டுக் கம்பிகள் மட்டும் குற்றமல்ல. அசல் முன்மாதிரிகளிலும் அவை உண்டு.

எனவே விற்பவரிடம் இரண்டு கேளுங்கள். ஒன்று, கேட்ரிட்ஜைத் திறந்து போர்டின் இரு பக்கத்தையும் எடுத்த தெளிவான படம். திறக்க முடியாது என்று அவர் சொன்னால் நம்ப வேண்டாம். அந்தத் திருகாணிக்கென்றே 3.8 மில்லிமீட்டர் திருப்புளி சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. இரண்டு, சிப்பில் உள்ள பதிவிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண், அதாவது செக்சம். ஏற்கெனவே இணையத்தில் உலவும் பதிவுகளில் ஒன்றோடு அது அப்படியே ஒத்துப்போனால், இது அங்கிருந்து இறக்கி ஏற்றியது என்று எடுத்துக்கொள்வதே உங்களுக்குப் பாதுகாப்பு. எதனோடும் ஒத்துப்போகாத, இதுவரை யாரும் காணாத பதிவு என்றால் விஷயம் வேறு.

முன்னாள் ஊழியர் கதையைப் பொறுத்தவரை, கதை நல்லதா என்று பார்க்காதீர்கள், அதைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டு போக முடிகிறதா என்று பாருங்கள். நின்டெண்டோவும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய பிளேஸ்டேஷன் முன்மாதிரி 2020 மார்ச்சில் 3,60,000 டாலருக்கு ஏலம் போனது. திவாலான அட்வான்டா என்ற அமெரிக்க நிதி நிறுவனத்தின் சாமான்களை ஏலத்தில் எடுத்தவரிடம் அது இருந்தது. சோனியின் விளையாட்டுப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஒருவர் பிறகு அட்வான்டாவில் பணியாற்றியிருந்தார். பொருள் அங்கே வந்த வழி இப்படிப் புலப்பட்டது. நிபுணர் ஒருவர் அதைப் பிரித்துப் பழுதுபார்த்ததை உலகமே வீடியோவில் பார்த்தது. உங்கள் விற்பவரிடம் ஊழியரின் பெயரோ, கடிதமோ, பழைய படமோ ஏதாவது இருக்கிறதா?

இனி பணம். உங்களிடம் இருப்பது 1,10,000 ரூபாய் அல்ல. பயிர்க்கடனைக் கழித்தால் 20,000. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. தவணை தப்பினால் அந்தச் சலுகை போகும், அடுத்த கடனும் சிக்கலாகும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவைக்கு உழவு, விதை, உரம் எல்லாம் ரொக்கமாகக் கேட்கும். 1,80,000 ரூபாயோடு அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நகைக்கடன் வட்டி ஒவ்வொரு மாதமும் ஏறும். கேட்ரிட்ஜ் ஒரு பைசா வருமானம் தராது. விற்க நினைக்கும் நாளில் வாங்குபவர் திருவாரூரிலோ தஞ்சாவூரிலோ இருக்கப்போவதில்லை. இன்று நீங்கள் கேட்கும் எல்லாக் கேள்விகளையும் அன்று அவர் உங்களைக் கேட்பார். அசலாகவே இருந்தாலும், விளைச்சல் பணத்தைப் போட இது ஏற்ற இடமில்லை என்பது என் உறுதியான கருத்து.

சங்கத்தில் கடனைக் கட்டி ரசீதை வாங்கிவிடுங்கள். விற்பவருக்கு இன்றே எழுதிப் படங்களையும் சரிபார்ப்பு எண்ணையும் கேளுங்கள். தளத்துக்கு வெளியே நேரடியாக வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலோ, சுங்கத்தில் மாட்டிக்கொண்டது, முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது அழைத்தாலோ ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.