கூத்து பார்த்தாயிற்று, அடுத்து என்ன செய்ய வைப்பது?

கேள்வி: எங்கள் பள்ளியில் பிளஸ் 1 மாணவர்களுக்காகக் கர்ண மோட்சம் தெருக்கூத்து நடத்தினோம். மறுநாள், 'குழுவாக ஏதாவது படைத்துக் காட்டுங்கள்' என்றேன். 40 பேரில் பாதிப்பேர் கூத்துக்காரரைப் போலவே ஆடினார்கள், மீதிப்பேர் கிரீடம் வரைந்தார்கள். இரண்டு பாடவேளைக்குள் உருப்படியாக என்ன செய்யலாம்?

பதில்: 'ஏதாவது' என்று விட்டதில்தான் சிக்கல். பிடிமானம் இல்லாதபோது பிள்ளைகள் பார்த்ததையே திருப்பிச் செய்வார்கள். முழுக்கதையைத் தொட விடாதீர்கள். ஒரு குழுவுக்கு ஒரே ஒரு கணம், அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

முதல் 10 நிமிடம் யாரும் பேசக்கூடாது. கண்ணில் நின்றது ஒன்று, காதில் நின்றது ஒன்று, உறுத்தியது ஒன்று என்று ஆளுக்கு மூன்று வரி எழுதட்டும். பேச்சை முதலில் அனுமதித்தால் வாயாடி ஒருவர் சொன்னதே வகுப்பின் கருத்தாகிவிடும். பிறகு ஐவர் கொண்ட 8 குழுக்கள். ஏழெட்டுப் பேரைச் சேர்த்தால் இரண்டு பேர் சும்மா நிற்பார்கள். எழுதியதைப் படித்துக் கணத்தைத் தேர்ந்தெடுக்க 10 நிமிடம், தயாரிக்க 35 நிமிடம். காட்டுவது 90 விநாடி, அதைப் பற்றிய பேச்சு இன்னொரு 90 விநாடி. எட்டுக் குழுவுக்கு 24 நிமிடம். இரண்டு பாடவேளை 90 நிமிடம் என்றால், மிச்சமிருக்கும் 11 நிமிடத்தை பெஞ்சு நகர்த்துவதே தின்றுவிடும்.

வடிவத்துக்குக் கூத்திடமே கடன் வாங்கலாம். இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னிருந்து பாத்திரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படுவதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஒரு பழைய வேட்டி போதும். போருக்குப் புறப்படும் கர்ணன் விடைபெற வருகிறான், பிறப்புத் தெரியாதவன் என்று மனைவி பொன்னுருவி இகழ்கிறாள். இந்தக் கணத்தை எடுத்த குழு கர்ணனின் கால்களை மட்டும் திரைக்கடியில் காட்டி, திரையைக் கடைசிவரை இறக்காமலே விடலாம். பாத்திரங்களை விசாரித்து அறிமுகப்படுத்தும் கோமாளியான கட்டியங்காரனும் அப்படித்தான்: 'நீர் யார்?' என்று அவன் கேட்கும் கேள்வியைப் பொன்னுருவியிடமோ, கிழப் பிராமணராக வந்து புண்ணியத்தைக் கேட்கும் கண்ணனிடமோ கேட்க வைக்கலாம். நடிக்கக் கூச்சப்படுகிற குழுவுக்கு ஒலி. பெஞ்சு, தட்டு, காகிதக் கசங்கல், முணுமுணுப்பு கொண்டு தேர்ச்சக்கரம் மண்ணில் புதைவதைக் கேட்க வைக்கட்டும் (பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது).

எந்த வடிவமானாலும் கூத்தில் கேட்ட ஒரு வரிக்கு மேல் வசனம் கூடாது. இந்தத் தடைதான் கதை சொல்வதை நிறுத்தும். பொருள்களும் அப்படியே: பழைய செய்தித்தாள், பிரவுன் ஷீட், பசை, கயிறு. ஜிகினாத்தாள் கொடுத்தால் 35 நிமிடமும் கிரீடம் ஒட்டுவதிலேயே போய்விடும். முகத்தில் போஸ்டர் கலர் பூச விடவே வேண்டாம், அது தோலுக்கானதல்ல. ஒப்பனை வேண்டுமென்றால் காகிதத்தில் வரைந்து பிடிக்கட்டும்.

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கர்ணன் கதையின் நடுநரம்பு பிறப்பு. வகுப்பில் அது சட்டென்று சாதிக் கிண்டலாகத் திரும்பும். யாருடைய சாதியையும், ஊரையும், அப்பா செய்யும் தொழிலையும் படைப்புக்குள் இழுக்கக்கூடாது என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இகழப்படும் பாத்திரத்தை யாருக்கு ஒதுக்குகிறார்கள் என்றும் பாருங்கள். வழக்கமாகக் கேலிக்கு ஆளாகும் பிள்ளையின் தலையில் அது விழுந்தால் அந்தப் பாத்திரத்தை ஐவரும் மாறி மாறி ஏற்கச் சொல்லுங்கள்.

காட்டி முடித்ததும் 'நல்லா இருந்துச்சு' என்ற பாராட்டுக்கு இடம் கொடுக்காதீர்கள். பார்த்தவர்கள் முதலில் கண்டதை மட்டும் சொல்லட்டும், அடுத்து ஒரு கேள்வி. குழு கடைசியில்தான் வாய் திறக்க வேண்டும். முதலிலேயே விளக்கிவிட்டால் பார்த்தவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

மதிப்பெண் போட்டே ஆகவேண்டுமென்றால் 10-இல் 4 கூத்தின் குறிப்பிட்ட கணத்தோடு உள்ள தொடர்புக்கு, 3 எதைச் சேர்த்தோம் எதை விட்டோம் என்று காரணம் சொல்வதற்கு, 3 ஐவரின் பங்குக்கு. நடிப்புக்கும் ஓவியத் திறமைக்கும் தனி மதிப்பெண் வேண்டாம்.